மின்சாரம் நின்ற முதல் நொடி: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதி மண்டபங்களுக்கு ஏற்ற அவசரகால விளக்குகளைத் தேர்வு செய்வது எப்படி?

பாலக்காடு/மூணாறு: தமிழ்நாட்டை ஒட்டியுள்ள கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்ட எல்லைப் பகுதிகளில் திருமண மண்டபங்களும் சமுதாயக் கூடங்களும் ஊர் வாழ்வின் மையமாக விளங்குகின்றன. கோழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம், அட்டப்பாடி என ஒருபுறமும், மறையூர், மூணாறு, போடிமெட்டு, குமுளி என மறுபுறமும் நீளும் இந்த எல்லையோரத்தில், ஒரே நிகழ்ச்சிக்கு இரு மாநிலங்களில் இருந்தும் உறவினர்கள் கூடுகின்றனர். அவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த மண்டபத்தின் மாடிப்படி எங்கே, பின்வாசல் எங்கே என்பது தெரியாது.

அத்தகைய கூட்டத்தின் நடுவே திடீரென மின்சாரம் நின்றால் என்ன நடக்கும் என்பதே அவசரகால விளக்குகள் குறித்த முதன்மையான கேள்வி. 'ஜெனரேட்டர் இருக்கிறது' என்பது அதற்கு முழுமையான விடையாகாது. ஜெனரேட்டர் இயங்கத் தொடங்கும் வரையிலான சில நொடிகளிலும், தீ விபத்தின்போது ஜெனரேட்டரையே நிறுத்த வேண்டிய நிலையிலும் எரியக்கூடிய விளக்கே உண்மையான அவசரகால விளக்கு. அதனைத் தேர்வு செய்வது எப்படி, எங்கே பொருத்துவது, எவ்வாறு பராமரிப்பது என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

இருள் உயிரைப் பறித்த நிகழ்வுகள்

டெல்லியில் உள்ள உப்ஹார் திரையரங்கில் 1997ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் தேதி பிற்பகல் காட்சி நடந்துகொண்டிருந்தபோது, தரைத்தளத்தில் இருந்த மின்மாற்றியில் தீப்பிடித்தது. புகை படிக்கட்டு வழியாக மேலேறி பால்கனியைச் சூழ்ந்தது. மின் இணைப்பு துண்டிக்கப்பட்டதும் அரங்கம் இருளில் மூழ்கியது. வெளியே பகல் வெளிச்சம் இருந்தும், உள்ளே இருந்தவர்களுக்கு வழி தெரியவில்லை. அவசரகால விளக்குகளும் வெளியேறும் வழியைக் காட்டும் விளக்குகளும் செயல்படவில்லை. எச்சரிக்கை அறிவிப்பும் செய்யப்படவில்லை. கூடுதல் இருக்கைகளுக்காகப் பால்கனியின் ஒரு வெளியேறும் வழி அடைக்கப்பட்டிருந்தது. அன்று உயிரிழந்தோர் 59 பேர். அவர்களில் பெரும்பாலானோர் தீயில் கருகி அல்ல, புகையில் மூச்சுத் திணறியே இறந்தனர்.

தமிழ்நாட்டில் 2004ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் உள்ள திருமண மண்டபம் ஒன்றில், மாடியில் அமைக்கப்பட்டிருந்த கீற்றுக் கூரையில் தீப்பற்றியது. மணமகன் உள்பட 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண்டபங்களில் வெளியேறும் வழி எவ்வளவு முக்கியமானது என்பதை மாநிலம் முழுவதும் உணர்த்திய நிகழ்வு அது.

இடுக்கி மாவட்டத்தில் 2011ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி இரவு, மகரஜோதி தரிசனம் முடிந்து புல்மேட்டில் இருந்து திரும்பிய பக்தர்கள் நெரிசலில் சிக்கியதில் 102 பேர் உயிரிழந்தனர். அவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் பலர். அது கட்டடம் அல்ல, போதிய வெளிச்சம் இல்லாத மலைவெளி. இருப்பினும் முன்னால் என்ன நடக்கிறது என்பது பின்னால் வருபவர்களுக்குத் தெரியாத கூட்டத்தில், இருள் எத்தகைய ஆபத்தாக மாறும் என்பதற்கு எல்லைப் பகுதி மக்கள் மறக்க இயலாத சான்று அது.

உலக அளவிலும் இத்துறையின் விதிகள் உயிரிழப்புகளின் பின்னரே உருவாகியுள்ளன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1942ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் தேதி கோகனட் குரோவ் என்ற இரவு விடுதியில் ஏற்பட்ட தீ விபத்தில் 492 பேர் இறந்தனர். தீ பரவியபோது விளக்குகள் அணைந்தன. அதன் பிறகே பொது அரங்குகளில் தனி மின்சாரத்தில் எரியும் அவசரகால விளக்குகளும் வழிகாட்டிப் பலகைகளும் அந்நாட்டில் வலியுறுத்தப்பட்டன.

ஜெனரேட்டர் மட்டும் போதாதது ஏன்?

மின்சாரம் நின்றதைத் தானாக உணர்ந்து இயங்கும் ஜெனரேட்டருக்கும் மின்சாரம் வழங்கத் தொடங்க பொதுவாகப் பத்து நொடிகள் வரை தேவைப்படுகின்றன. ஆள் சென்று இயக்க வேண்டிய ஜெனரேட்டர் என்றால் நிமிடங்கள் ஆகும். படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருக்கும் முதியவர் தடுமாறி விழவும், அவர்மீது பிறர் விழவும் அந்த நேரம் போதுமானது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. மின்கசிவால் தீப்பிடித்தால் முதலில் செய்ய வேண்டியது மெயின் சுவிட்சை அணைப்பது. ஜெனரேட்டர் தானாக இயங்கி அதே கம்பிகளில் மீண்டும் மின்சாரத்தைச் செலுத்தினால் தீ பெருகும் என்பதால் அதனையும் நிறுத்த வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கட்டடத்தில் எஞ்சியிருப்பது பேட்டரியில் எரியும் விளக்குகள் மட்டுமே.

ஆகவே ஜெனரேட்டர் நிகழ்ச்சி தொடர்வதற்கான ஏற்பாடு. அவசரகால விளக்கு மக்கள் வெளியேறுவதற்கான ஏற்பாடு. இரண்டும் தேவை என்றாலும், ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம்?

இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்) வெளியிட்ட 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தீ மற்றும் உயிர்ப் பாதுகாப்பு குறித்த நான்காம் பகுதியில் இதற்கான அளவுகளைக் கூறுகிறது. வெளியேறும் பாதையின் நடுக்கோட்டில் தரைமட்டத்தில் 10 லக்ஸ் அளவுக்குக் குறையாத வெளிச்சம் இருக்க வேண்டும். வழக்கமான மின்சாரம் நின்ற ஒரு நொடிக்குள் விளக்குகள் எரிய வேண்டும். மிகச் சிறிய கட்டடமாக இருந்தாலும் குறைந்தது ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து எரிய வேண்டும்.

லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மீது விழும் வெளிச்சத்தின் அளவு. முழுநிலவு இரவில் தரையில் விழுவது ஒரு லக்ஸில் ஏறத்தாழ கால் பங்கு மட்டுமே. ஐரோப்பிய நாடுகளின் தரநிலை, வெளியேறும் பாதைக்குக் குறைந்தபட்சம் 1 லக்ஸ் போதும் என்கிறது. அதனுடன் ஒப்பிட்டால் இந்தியாவின் அளவு கண்டிப்பானது. குழந்தைகளுடனும் முதியவர்களுடனும் அறிமுகமில்லாத படிக்கட்டில் இறங்கும் கூட்டத்துக்கு அது மிகையல்ல.

இங்கு கவனிக்க வேண்டியது, வெளிச்சம் தரையில் அளக்கப்படுகிறது என்பதாகும். கண்ணைக் கூச வைக்கும் ஒரு பெரிய விளக்கை மேடையருகே வைப்பதால் படிக்கட்டின் விளிம்பு தெரிந்துவிடாது. ஒரே பெரிய விளக்கைவிட, பாதை நெடுகிலும் இடைவெளிவிட்டுப் பொருத்தப்பட்ட பல சிறிய விளக்குகளே பயன் தரும். அவற்றுள் ஒன்று பழுதானாலும் பாதை முழுவதும் இருளாகாது.

விளக்கின் வகைகள்

சந்தையில் 'எமர்ஜென்சி லைட்' என்ற பெயரில் கிடைக்கும் கையடக்க விளக்குகள் வீட்டுப் பயன்பாட்டுக்கானவை. செல்போனை சார்ஜ் செய்ய யாரேனும் அதன் பிளக்கைக் கழற்றிவிட்டால், தேவைப்படும் நேரத்தில் அதில் சக்தி இருக்காது. பொது மண்டபத்துக்குச் சுவரிலோ கூரையிலோ நிலையாகப் பொருத்தப்பட்டு, பிளக் இன்றி நேரடியாக மின் இணைப்பு தரப்பட்ட விளக்குகளே ஏற்றவை.

இவற்றில் இரண்டு முறைகள் உள்ளன. முதலாவது, ஒவ்வொரு விளக்கிலும் தனித்தனி பேட்டரி உள்ள முறை. பொருத்துவது எளிது, ஓரிடத்தில் கம்பி எரிந்தாலும் மற்ற விளக்குகள் எரியும். ஆனால் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். சிறிய மற்றும் நடுத்தர மண்டபங்களுக்கு இதுவே பொருத்தமானது. இரண்டாவது, ஓரிடத்தில் பேட்டரித் தொகுதியை வைத்து எல்லா விளக்குகளுக்கும் மின்சாரம் வழங்கும் முறை. பராமரிப்பு எளிது. ஆனால் பேட்டரி அறையோ அங்கிருந்து செல்லும் கம்பியோ தீயில் சேதமடைந்தால் கட்டடம் முழுவதும் இருளாகும். ஆகவே தீயைத் தாங்கும் கேபிள்களும் தனி அறையும் தேவை.

எரியும் விதத்திலும் வேறுபாடு உண்டு. மின்சாரம் நின்றால் மட்டும் எரிவது ஒரு வகை. எப்போதும் எரிந்து, மின்சாரம் நின்றதும் பேட்டரிக்கு மாறுவது மற்றொரு வகை. நாடகம், திரையிடல் போன்றவற்றுக்காக விளக்குகள் குறைக்கப்படும் கூடங்களில் வெளியேறும் வழிப் பலகைகள் இரண்டாம் வகையாக இருப்பது நல்லது. மக்கள் உள்ளே வந்து அமரும்போதே வழி அவர்கள் கண்ணில் பட்டிருக்கும்.

மின்பணியாளர்கள் அடிக்கடி தவறவிடும் நுட்பம் ஒன்றும் இதில் உள்ளது. அவசரகால விளக்குக்கான இணைப்பு, அந்தப் பகுதியின் வழக்கமான விளக்குகளுக்குச் செல்லும் அதே சர்க்யூட்டில் இருந்து, சுவிட்சுக்கு முன்பாக எடுக்கப்பட வேண்டும். மாறாக வேறொரு சர்க்யூட்டில் இணைத்துவிட்டால், படிக்கட்டு விளக்குகளின் பிரேக்கர் மட்டும் விழும்போது கட்டடத்தின் பிற பகுதிகளில் மின்சாரம் இருப்பதால் அவசரகால விளக்கு எரியாது. படிக்கட்டு மட்டும் இருளில் இருக்கும்.

எங்கெங்கே பொருத்த வேண்டும்?

விதித்தொகுப்பு குறிப்பிடும் இடங்கள் தெளிவானவை. ஒவ்வொரு வெளியேறும் கதவு அருகிலும், நடைபாதைகள் சந்திக்கும் இடங்களிலும், பாதை திரும்பும் இடங்களிலும், ஒவ்வொரு படிக்கட்டு வரிசைக்கும் நேரடி வெளிச்சம் கிடைக்கும் வகையிலும், தரைமட்டம் மாறும் இடங்களிலும், தீயணைப்புக் கருவிகள் மற்றும் தீ எச்சரிக்கைப் பொத்தான்கள் அருகிலும் விளக்குகள் தேவை. தரையில் இருந்து குறைந்தது 2 மீட்டர் உயரத்தில், ஆனால் இயன்றவரை தாழ்வாக அவை பொருத்தப்பட வேண்டும். புகை முதலில் கூரையை ஒட்டியே சேரும் என்பதால், உயரமான கூரையில் உள்ள விளக்கு விரைவில் மறைந்துவிடும்.

மண்டபங்களில் விடுபட்டுப்போகும் இடங்களும் உள்ளன. கீழ்த்தள உணவுக்கூடம், சமையலறை, கை கழுவும் இடம், கழிப்பறை, மணமக்கள் அறை, ஜெனரேட்டர் அறை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஒரு பந்தி முடிந்து அடுத்த பந்திக்குக் காத்திருக்கும் கூட்டம் நெருக்கமாக நிற்பது உணவுக்கூடத்தின் வாசலில்தான்.

கடைசி வாசலுக்கு வெளியேயும் விளக்கு தேவை என்பது விதி. மலைப்பகுதிகளில் இதற்குக் கூடுதல் பொருள் உண்டு. மூணாறு, சின்னக்கானல், அட்டப்பாடி போன்ற இடங்களில் யானைகள் குடியிருப்புகள் வரை வருகின்றன. சரிவான நிலத்தில் கட்டப்பட்ட கூடங்களின் வாசலை அடுத்தே பள்ளமோ தேயிலைத் தோட்டமோ இருக்கக்கூடும். கூட்டம் வெளியேறிப் பாதுகாப்பாக நிற்கும் இடம் வரை வெளிச்சம் நீள வேண்டும்.

எழுத்தைவிடப் படமே பேசும்

எல்லைப் பகுதி மண்டபங்களில் மலையாளம் படிக்கத் தெரியாத தமிழர்களும், தமிழ் படிக்கத் தெரியாத மலையாளிகளும் ஒன்றாக அமர்கின்றனர். தேயிலை, ஏலத் தோட்டங்களில் வட மாநிலங்களில் இருந்து வந்த தொழிலாளர்களும் பணிபுரிகின்றனர். எனவே பச்சைப் பின்னணியில் கதவை நோக்கி ஓடும் மனித உருவம் கொண்ட பன்னாட்டு அடையாளமே முதன்மையாக இருக்க வேண்டும். அதன் கீழே மலையாளம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் 'வெளியே செல்லும் வழி' எனப் பொருள்படும் சொற்களைச் சேர்க்கலாம்.

பலகையின் அளவைத் தீர்மானிக்க எளிய கணக்கு உள்ளது. உள்ளிருந்து ஒளிரும் பலகை, அதன் உயரத்தைப் போல் 200 மடங்கு தொலைவு வரை தெளிவாகத் தெரியும்; வெளியில் இருந்து வெளிச்சம் படும் பலகை 100 மடங்கு தொலைவு வரை தெரியும். 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒளிரும் பலகை 30 மீட்டர் தொலைவில் உள்ளவருக்கும் தெரியும். மண்டபத்தின் நீளத்தை அளந்து, அதற்கேற்பப் பலகையைத் தேர்வு செய்யலாம். அலங்காரத் துணியும் பூத்தோரணமும் பேனர்களும் இந்தப் பலகைகளை மறைக்காமல் பார்த்துக்கொள்வது நிகழ்ச்சி நடத்துவோரின் பொறுப்பு.

பாலக்காட்டின் வெயிலும் இடுக்கியின் பனியும்

ஒரே விளக்கு இரு மாவட்டங்களுக்கும் பொருந்தும் எனக் கருதுவது தவறு. பாலக்காட்டில் கோடைக்கால வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் அது 41 டிகிரியைக் கடந்தது. தகரக் கூரைக்கும் பொய்க்கூரைக்கும் இடையில் வெப்பம் இன்னும் அதிகமாக இருக்கும். ஈய அமில பேட்டரியின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஏறத்தாழ பாதியாகக் குறையும். நான்கு ஆண்டுகள் உழைக்க வேண்டியது, தொடர்ந்து 45 டிகிரியில் இருந்தால் ஓராண்டிலேயே வலுவிழக்கக்கூடும்.

ஆகவே சித்தூர், கோழிஞ்சாம்பாறை போன்ற சமவெளிப் பகுதிகளில் கூரைக்கு அடியில் இல்லாமல் சுவரில் பொருத்தும் விளக்குகளும், வெப்பத்தை ஓரளவு தாங்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் அல்லது நிக்கல் காட்மியம் வகை பேட்டரிகளும் ஏற்றவை. பேட்டரித் தொகுதி வைக்கும் அறைக்குக் காற்றோட்டம் அவசியம்.

இடுக்கியின் மலைப்பகுதிகளில் சிக்கல் வேறு. மாதக்கணக்கில் நீளும் மழையும் மூடுபனியும் விளக்கின் உட்பகுதியில் ஈரத்தைச் சேர்த்து, இணைப்புகளைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. வெளிப்புறத்திலும் கை கழுவும் இடத்திலும் 'ஐபி 65' குறியீடு கொண்ட விளக்குகள் தேவை. இதில் 6 என்பது தூசி புகாத தன்மையையும், 5 என்பது பீய்ச்சியடிக்கும் நீரைத் தாங்கும் தன்மையையும் குறிக்கும். மூணாறில் சில குளிர்காலங்களில் வெப்பநிலை உறைநிலை வரை செல்வதால், பேட்டரியின் திறன் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரிகளை சார்ஜ் செய்வது அவற்றைச் சேதப்படுத்தும்.

மண்டபமே நிவாரண முகாமாகும்போது

மழைக்காலத்தில் இப்பகுதிகளின் பள்ளிகளும் சமுதாயக் கூடங்களும் நிவாரண முகாம்களாக மாறுகின்றன. 2018ஆம் ஆண்டு பெருவெள்ளத்தில் கேரளம் அதனைக் கண்டது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் உயிரிழந்தனர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டிருந்ததால், செய்தி வெளியுலகை எட்டவே மறுநாள் காலை ஆனது.

ஒன்றரை மணி நேரம் எரியும் விளக்குகள் வெளியேறுவதற்கே போதும். இரவு முழுவதும் தங்குவதற்குப் போதாது. முகாமாகப் பயன்படக்கூடிய கூடங்களில், சூரியசக்தித் தகடுடன் கூடிய தனி பேட்டரித் தொகுதியை அமைத்து, கழிப்பறை, சமையலறை, செல்போன் சார்ஜ் செய்யும் இடம் ஆகியவற்றுக்கு மட்டும் இணைப்பு தரலாம். வெளியேறும் வழி விளக்குகளை அதனுடன் கலக்கக் கூடாது. முதல்நாள் இரவிலேயே அவற்றின் சக்தி தீர்ந்துவிட்டால், மறுநாள் ஆபத்து நேரும்போது அவை எரியாது.

செலவும் கணக்கும்

எல்இடி விளக்குகள் வந்த பிறகு இந்த ஏற்பாட்டுக்குத் தேவையான மின்சாரம் பெரிதும் குறைந்துள்ளது. 5 வாட் திறனுள்ள 20 விளக்குகள் கொண்ட மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 100 வாட். ஒன்றரை மணி நேரத்துக்கு 150 வாட்-மணி. இன்வெர்ட்டரில் 20 சதவீதம் இழப்பு, பழகிய பேட்டரியில் 20 சதவீதம் திறன் குறைவு, ஈய அமில பேட்டரியில் பாதியை மட்டுமே பயன்படுத்துவது என எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஏறத்தாழ 470 வாட்-மணி போதும். இது 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றின் கொள்ளளவு. வீட்டு இன்வெர்ட்டர்களில் பயன்படுத்துவதைவிடச் சிறியது. ஆனால் மின்விசிறியும் ஒலிபெருக்கியும் இதே பேட்டரியில் இணைக்கப்பட்டால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

எல்இடி அவசரகால விளக்குகள் பிஐஎஸ் அமைப்பின் கட்டாயப் பதிவுத் திட்டத்தின்கீழ் வருகின்றன. பொருளின் மீது தரக்குறியீடும் 'ஆர்' என்ற எழுத்துடன் தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளனவா எனப் பார்த்து வாங்க வேண்டும். அந்த எண் உண்மையானதா என்பதை 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம்.

கேரளத்தின் 2019ஆம் ஆண்டு கட்டட விதிகளில் மண்டபங்கள் மக்கள் கூடும் கட்டடங்களுக்கான 'டி' பிரிவில் வருகின்றன. புதிதாகக் கட்டுவோரும் மாற்றியமைப்போரும், தங்கள் கட்டடத்துக்கு உரிய தேவைகளை உள்ளாட்சி அமைப்பிடமும் கேரளத் தீயணைப்பு மற்றும் மீட்புத் துறையிடமும் முன்கூட்டியே கேட்டறிவது செலவையும் காலதாமதத்தையும் குறைக்கும்.

பொருத்தினால் மட்டும் போதாது

அவசரகால விளக்கு, தேவைப்படும் நாள்வரை எரியாமலேயே இருப்பதால் அதன் பழுது கண்ணுக்குத் தெரிவதில்லை. மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்தியோ பிரேக்கரை அணைத்தோ ஒவ்வொரு விளக்கும் எரிகிறதா எனப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரமும் முழுமையாக எரியவிட்டுச் சோதிக்க வேண்டும். முழுச் சோதனைக்குப் பின் பேட்டரி மீண்டும் நிரம்ப ஒருநாள் வரை ஆகலாம் என்பதால், நிகழ்ச்சி இல்லாத நாளைத் தேர்ந்தெடுப்பது அவசியம். சோதனை நாள், பழுது, மாற்றிய பேட்டரி ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தால், பொறுப்பாளர் மாறினாலும் பணி தொடரும்.

விளக்கு வழியைக் காட்டும். ஆனால் பூட்டிய கதவைத் திறக்காது. உப்ஹார் திரையரங்கில் இருளும் அடைபட்ட வழியும் சேர்ந்தே உயிர்களைப் பறித்தன. நாற்காலிகள் அடுக்கப்பட்ட பின்வாசலும், இருசக்கர வாகனங்கள் மறித்து நிற்கும் பக்கவாட்டுக் கதவும், எத்தனை விளக்குகள் எரிந்தாலும் ஆபத்தானவையே.

மண்டபத்தை முன்பதிவு செய்ய வரும் குடும்பத்தினரும் இதில் பங்காற்ற முடியும். வாடகை, சமையல் பாத்திரங்கள், வாகன நிறுத்தம் ஆகியவற்றைக் கேட்கும்போது மேலும் ஒன்றைக் கேட்கலாம். மாலை இருட்டிய பிறகு சென்று, மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துக் காட்டும்படி மேலாளரிடம் கோரலாம். ஜெனரேட்டர் இயங்குவதற்கு முன்பே, மேடையில் இருந்து வாசல் வரையும், உணவுக்கூடத்தில் இருந்து சாலை வரையும் படிகள் தெளிவாகத் தெரிந்தால், அங்கே முன்பணம் செலுத்தலாம்.